ஹவுஸ் ஓனருக்கு ஒத்திகை

குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மச்சான் பாடிக்கொண்டிருந்தார். வெளியே தோளில் துண்டோடு நின்ற லென்ஸ்காரருக்கு அந்தப் பாட்டு மனப்பாடம் ஆகியிருந்தது. கடைசிச் சரணம் இன்னும் பாக்கி. அது முடிந்தால்தான் உள்ளே தண்ணீர் நிற்கும்.

"மச்சான், கடைக்கு நேரமாச்சு."

"இதோ வந்துட்டேன் மாப்ளே. நீ முதல்ல சாப்பிட்டுடு."

சாப்பிடவும் வழியில்லை. வெளியே மழை. அதனால் மச்சானின் சட்டைகள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாற்காலிகளின் முதுகில் காய்ந்துகொண்டிருந்தன. பார்ப்பதற்கு நாலு மச்சான்கள் சாப்பாட்டுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது.

லென்ஸ்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். எதையும் வரிசைப்படி செய்வார். செய்த பிறகு, சரியாகத்தான் செய்தோமா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பார். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் படி இறங்குவார். பாதிப் படியில் சந்தேகம் வந்து மறுபடி ஏறுவார். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு மனைவியின் அண்ணன் ஒற்றைப் பெட்டியோடு வந்து, "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன் மாப்ளே" என்றார். அதற்குப் பிறகு ஒரு மாதம் ஓடிவிட்டது.

மச்சானுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. கம்பெனியை மூடிவிட்டார்கள். அடுத்த வேலை வந்துகொண்டே இருப்பதாகச் சொல்லிவந்தார். அது எந்த மாடியில் நின்றுபோயிற்றோ, தெரியவில்லை.

"அண்ணன்கிட்ட எப்பப் போறீங்கன்னு மட்டும் கேட்டுடாதீங்க" என்று மனைவி முதல் வாரமே சொல்லி வைத்திருந்தாள். "அவருக்கு ரோஷம் ஜாஸ்தி. அப்புறம் நானும் அவர்கூடவே கிளம்பிடுவேன்."

லென்ஸ்காரர் கவனித்தவரையில் மச்சானுக்குப் பசி ஜாஸ்தி, தூக்கம் ஜாஸ்தி, குரல் ஜாஸ்தி. ரோஷம்தான் இன்னும் கண்ணில் படவில்லை. இருந்தாலும் மனைவி சொன்னால் சொன்னதைச் செய்பவள். அந்த வீட்டையும் விட முடியாது. கடைக்கு நடந்து போகிற தூரத்தில் இப்படி ஒரு மாடி வீடு கிடைப்பதற்குள் செருப்புத் தேய்ந்துபோயிருந்தது. ஆக, வீடும் இருக்க வேண்டும், மனைவியும் இருக்க வேண்டும், மச்சான் மட்டும் போக வேண்டும்.

அப்போதுதான் வாடகை ஒப்பந்தம் ஞாபகம் வந்தது. குடிவந்தபோது அதை லென்ஸ் வைத்து வரி வரியாகப் படித்திருந்தார். அடியில் உரிமையாளர் என்ற இடத்தில் பெயருக்குப் பதில் கோழி கிளறியதுபோல் இருந்த கையெழுத்தை மட்டும்தான் படிக்க முடியவில்லை. அதில் ஒரு விதி இருந்தது: விருந்தாளிகள் பதினைந்து நாளுக்கு மேல் தங்கக் கூடாது.

தான் ஏன் கேட்க வேண்டும்? ஓனர் கேட்கட்டுமே.

ஓனர் கீழ்வீட்டில் இருந்தார். குடிவந்த அன்று சாவியோடு வாசலில் நின்று வரவேற்றவர் அவர்தான். ஐம்பதைத் தாண்டிய, மெலிந்த, சாதுவான மனிதர். வாடகையை இரண்டு கையாலும் வாங்குவார். குழாய் ஒழுகுகிறது, தாழ்ப்பாள் விழவில்லை என்று எதைச் சொன்னாலும், "கேட்டுச் சொல்றேங்க" என்பார். கொத்தனாரைக் கேட்பார் போலிருக்கிறது என்று லென்ஸ்காரர் எடுத்துக்கொண்டார். ஓனரோடு அவருடைய தங்கையும் இருந்தாள். பஸ் ஓட்டுகிறவள். விடியுமுன் போய் இருட்டிய பிறகு வருவாள். லென்ஸ்காரரின் மனைவிக்கு அவளைப் பார்க்கும்போதெல்லாம் மனசு இளகும். "பாவங்க அந்தம்மா. கல்யாணமும் பண்ணிக்கல. அண்ணன் நிழல்ல காலத்தை ஓட்டுது" என்பாள்.

அன்று சாயங்காலம் லென்ஸ்காரர் கீழே போனார். முன்னறையில் ஓனர் தன் கட்டில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய வீட்டில் முன்னறையில் படுத்துக்கொள்கிற எளிமை லென்ஸ்காரருக்குப் பிடித்திருந்தது.

மச்சான் விஷயத்தைச் சொன்னதும் ஓனரின் முகம் வெளிறிவிட்டது.

"போகச் சொல்லவா? பாவங்க, எங்க போவாரு?"

லென்ஸ்காரர் விதியை எடுத்துச் சொன்னார். உரிமையாளர் என்றால் உரிமையும் உண்டு, கடமையும் உண்டு என்றார். ஓனர் வெகுநேரம் நகத்தைப் பார்த்துவிட்டு, போய்ப் பேசிப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார்.

மறுநாள் லென்ஸ்காரர் கடையிலிருந்து வந்தபோது ஓனரின் செருப்பு மாடி வாசலில் கிடந்தது. நல்ல சகுனம் என்று மெதுவாகக் கதவைத் திறந்தார். உள்ளே ஓனரும் மச்சானும் சம்மணம் போட்டு உட்கார்ந்து சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். மனைவி இரண்டாம் சுற்று டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

இறங்கும்போது ஓனர் லென்ஸ்காரரின் காதோடு காதாகச் சொன்னார்: "தங்கமான மனுஷங்க. எனக்கு ரொம்ப நாளா இப்படி மனசு விட்டுப் பேச ஆள் இல்ல."

அதற்கடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். இப்போது சாயங்காலமானால் குளியலறைக்கு ஒரு மச்சான், நாற்காலிக்கு ஒரு ஓனர் என்று ஆகிவிட்டது. லென்ஸ்காரர் தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார்.

சீட்டுக் கச்சேரியைக் கலைக்க ஒரே வழி, மச்சானைச் சாயங்காலங்களில் வெளியே அனுப்புவது. நூலகத்தில் இலவச மாலை வகுப்புகள் நடத்துகிறார்கள் என்று கடையில் ஒருவர் சொன்னார். வேலை தேடுகிற நேரத்தில் நாலு விஷயம் கற்றுக்கொண்டால் நல்லதுதானே என்று லென்ஸ்காரர் தேன் தடவிப் பேசினார். மச்சான் உடனே கிளம்பிவிட்டார். கணினி வகுப்பில் இடமில்லை. தையல் வகுப்பில் சேர்த்துக்கொள்ளவில்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: வாடகைக்குக் குடியிருப்போரின் உரிமைகளும் கடமைகளும்.

முதல் நாள் வகுப்பு முடிந்து வந்த மச்சான், செருப்பைக் கழற்றாமலே கூடத்தின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தார்.

"மாப்ளே, உன்னை மாதிரி ஏமாளியை நான் பார்த்ததில்ல."

குளியலறைக் கூரை ஒழுகுவது ஓனர் செலவு. தாழ்ப்பாள் ஓனர் பொறுப்பு. இத்தனை நாளும் மாப்பிள்ளை சொந்தக் காசில் ஆணி வாங்கி அடித்திருக்கிறாரே என்று மச்சான் தலையில் கைவைத்தார். வாரத்துக்கு மூன்று வகுப்பு. ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உரிமையைக் கொண்டுவந்து வீட்டில் இறக்கினார். ஓனரோடு சீட்டாட்டம் நின்றது. படிக்கட்டில் பார்த்தால் கேள்வி கேட்கிற உறவாக அது மாறியது. ஓனர் எல்லாவற்றுக்கும் "கேட்டுச் சொல்றேங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

லென்ஸ்காரர் தயங்கித் தயங்கி, விருந்தாளிகளைப் பற்றி வகுப்பில் ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார்.

"சொன்னாங்களே. நான் விருந்தாளி கணக்குலயே வரமாட்டேன் மாப்ளே. பொண்டாட்டியோட கூடப்பிறந்தவன் குடும்பத்துல சேர்த்தி. வாத்தியார்கிட்ட தனியா கேட்டுட்டேன். நீ பயப்படாதே."

லென்ஸ்காரருக்குத் தலை சுற்றியது. வகுப்பில் சேர்த்துவிட்டது தானேதான் என்பதை நினைத்தபோது இன்னொரு சுற்று சுற்றியது.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். ஓனருக்கு மனசு இருக்கிறது, வார்த்தைதான் இல்லை. வார்த்தையைத் தானே சொல்லிக் கொடுத்துவிட்டால் என்ன?

ஒத்திகை, வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் நடந்தது. மோட்டார் சத்தத்தில் மேலே கேட்காது. லென்ஸ்காரர் துணிக்கொடிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"இப்ப நான்தான் மச்சான்னு வச்சுக்குங்க."

"சரிங்க மச்சான்."

"மச்சான்னு கூப்பிடாதீங்க. திட்டுங்க."

"என்னன்னு திட்டறது?"

"அடுத்தவங்க வீட்ல எத்தனை நாளைக்குய்யா ஒட்டிக்கிட்டு இருப்பேன்னு."

ஓனர் துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டார். "அவ்வளவு கடுமையாவா?"

"இதுக்கே இப்படின்னா எப்படி? சோத்துல கை வைக்கும்போது கூசலையான்னு கேளுங்க. வயசாச்சு, இன்னும் உனக்குன்னு ஒரு கூரை வேணாமான்னு கேளுங்க."

ஓனர் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க" என்று சேர்த்துக்கொண்டார். லென்ஸ்காரர் பொறுமையாகத் திருத்தினார். குரலை எங்கே உயர்த்த வேண்டும், எங்கே நிறுத்தி முறைக்க வேண்டும் என்றெல்லாம் செய்து காட்டினார். கடைசி வரி கணீரென்று விழ வேண்டும் என்பதற்காக, கடையில் மில்லிமீட்டர் கணக்கில் லென்ஸ் தேய்க்கும் எடுபிடிகளிடமும், சமயத்தில் வீட்டிலும், தான் வழக்கமாகச் சொல்வதையே கொடுத்தார்: அளவுன்னா அளவு. அரை மில்லி தப்பினாலும் தப்பு தப்புதான்.

நாலாவது ஒத்திகையில் ஓனரின் கண் கலங்கிவிட்டது. இளகிய மனசு, வேறொன்றுமில்லை என்று லென்ஸ்காரர் நினைத்தார். கூச்சம் போக வேண்டுமானால் தினமும் கண்ணாடி முன்னாடி நின்று, எதிரில் தெரிகிறவரைத் திட்டிப் பழகுங்கள் என்று வீட்டுப்பாடமும் கொடுத்தார். ஓனர் எல்லாவற்றுக்கும் பவ்யமாகத் தலையாட்டினார். இவ்வளவு மரியாதையாகத் தன்னிடம் யாரும் ஒரு வேலையை ஒப்படைத்ததில்லை என்று சொல்லி, லென்ஸ்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து, சாயங்காலம், ஓனர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மாடி ஏறி வந்தார். மச்சான் வாசலிலேயே கையை நீட்டி மறித்தார்.

"ஒருநாள் முன்னாடி தகவல் சொல்லிட்டுத்தான் ஓனர் வீட்டுக்குள்ள வரணும். வகுப்புல சொன்னாங்க."

ஓனர் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. "அப்ப நாளைக்கு வர்றேங்க" என்று தகவல் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். உள்ளே செய்தித்தாளுக்குப் பின்னால் காத்திருந்த லென்ஸ்காரர் ஒரு நாள் வீணானதே என்று நொந்துகொண்டார்.

மறுநாள் அதே நேரத்துக்கு ஓனர் வந்தார். அதே சட்டை. நேராகக் கூடத்துக்கு வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, மச்சானைப் பார்ப்பதற்குப் பதில் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்து ஆரம்பித்தார். வீட்டுப்பாடத்தின் பழக்கம். அடுத்தவங்க வீடு, ஒட்டிக்கிட்டு, சோத்துல கை, கூரை என்று ஒன்று விடாமல் வந்தன. லென்ஸ்காரருக்கே மயிர்க்கூச்செறிந்தது. ஒத்திகையில் இல்லாத ஒரு நடுக்கம் அந்தக் குரலில் இருந்தது. அளவுன்னா அளவு என்று சொல்லி, நிறுத்தி, கண்ணாடியை முறைத்தார்.

"அரை மில்லி தப்பினாலும் தப்பு தப்புதான்."

சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவி சட்டென்று திரும்பி லென்ஸ்காரரைப் பார்த்தாள். அவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

மச்சான் அசையவில்லை. "பேசி முடிச்சிட்டீங்களா? சட்டப்படி நான் விருந்தாளி இல்ல. குடும்பம்."

இதற்குப் பதில் ஒத்திகையில் இல்லை. ஓனரின் கண் லென்ஸ்காரரைத் தேடியது. லென்ஸ்காரர் செய்தித்தாளுக்கு மேலாகத் தலையைப் பலமாக ஆட்டினார். போதும், இறங்கிப் போங்கள் என்று அர்த்தம். ஓனர் அதைத் தைரியம் கொடுப்பதாக எடுத்துக்கொண்டார்.

"அப்படின்னா குடும்பத்தோட காலி பண்ணுங்க. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள."

சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்தா வந்தது என்று தானே அதிர்ந்து, விடுவிடுவென்று இறங்கிப் போய்விட்டார்.

செய்தித்தாள் லென்ஸ்காரரின் கையிலிருந்து நழுவி விழுந்தது. மனைவி அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. அலமாரிமேலிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்து, "எங்க போவோம்?" என்றாள். யாரைக் கேட்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. பிறகு, "அந்தக் கடைசி வரியை நான் வேற எங்கேயோ கேட்டிருக்கேன்" என்றாள். அது மட்டும் யாரைக் கேட்கிறாள் என்று நன்றாகப் புரிந்தது.

லென்ஸ்காரர் மோட்டாரைப் போடுகிற சாக்கில் கீழே ஓடினார். முன்னறைக் கதவு திறந்திருந்தது. ஓனர் கட்டிலில் உட்கார்ந்து, மடியில் ஒரு பழைய பெட்டியை வைத்து, சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் வாபஸ் வாங்குங்கள், மச்சானைத்தானே போகச் சொல்லச் சொன்னேன், எங்களை ஏன் போகச் சொன்னீர்கள் என்று லென்ஸ்காரர் மூச்சு வாங்கக் கெஞ்சினார். ஓனர் எதுவும் காதில் விழாதவர்போல் இருந்தார். முகத்தில் ஒரு தெளிவு.

"நீங்க சொல்லிக் கொடுத்த ஒவ்வொரு வார்த்தையும் நிஜங்க" என்றார். "சொல்லச் சொல்லத்தான் உறைச்சுது. சொல்லிட்டு வாபஸ் வாங்கினா நான் மனுஷனா?"

"ஊருக்குக் கிளம்பறீங்களா?"

"யோசிச்சிட்டிருக்கேன்."

சொல்வதைச் சொல்லிவிட்டு ஊரைவிட்டு ஓடப் பார்க்கிறார் என்று லென்ஸ்காரருக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் ஓனரிடம் ஆத்திரப்படுவது எப்படி? திரும்பி மாடி ஏறினார். பாதிப் படியில், மோட்டாரைப் போடவில்லை என்பது ஞாபகம் வந்து மறுபடி இறங்கினார்.

மேலே மச்சான் உற்சாகத்தின் உச்சியில் இருந்தார். வாயால் சொன்னால் காலி செய்ய வேண்டியதில்லையாம். ஓனர் எழுத்தில் தர வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், அவகாசம் கொடுக்க வேண்டும். லிஃப்ட் கம்பெனியில்கூட இப்படி ஒரு வேலை தனக்கு அமைந்ததில்லை என்றார்.

"உன் வீட்டைக் காப்பாத்திக் கொடுத்துட்டுத்தான் மறு வேலை மாப்ளே. அதுவரைக்கும் நான் எங்கேயும் போகமாட்டேன்."

அது ஆறுதலா, தண்டனையா என்று லென்ஸ்காரர் இரவெல்லாம் யோசித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழ்வீட்டுக்குப் படி இறங்கும்போது மச்சான் முன்னால் நடந்தார். பின்னால் மனைவி. கடைசியில் லென்ஸ்காரர். ஓனர் எல்லார் எதிரிலும் வாயைத் திறந்து, இதெல்லாம் உங்க வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருக்கிற வீடும் போய், மனைவியும் போய், மச்சான் மட்டும் மிஞ்சுவார்.

கதவைத் திறந்தது ஓனரின் தங்கை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கொஞ்சம் தாமதமான டியூட்டி போலிருக்கிறது; பஸ் சீருடையில், கையில் டீயோடு இருந்தாள்.

"வாங்க. என்ன, மூணு பேரும் சேர்ந்து?"

"ஓனரைப் பார்க்கணும்" என்றார் மச்சான்.

"சொல்லுங்க."

"உங்கண்ணனைக் கூப்பிடுங்கம்மா. வாயால சொன்னா நாங்க காலி பண்ண மாட்டோம். சட்டம் இருக்கு."

"காலியா? யாரு சொன்னது? உங்களைக் காலி பண்ணச் சொல்லி இந்த வீட்ல யாரும் நினைக்கவே இல்லையே." அவள் டம்ளரை ஜன்னலில் வைத்தாள். "அண்ணனும் இல்லீங்க. விடியறதுக்கு முன்னாடியே பெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரு."

லென்ஸ்காரர் எட்டிப் பார்த்தார். முன்னறைக் கட்டில் காலி. விரிப்பு சுருக்கமில்லாமல் மடித்துவைக்கப்பட்டிருந்தது.

"எப்ப வருவாரு?"

"இனிமே வரமாட்டாருன்னுதான் தோணுது." அவள் குரலில் வருத்தத்தைவிட வியப்புத்தான் அதிகம் இருந்தது. "ஒரு வாரமா பார்க்கறேன். கண்ணாடி முன்னாடி நின்னு தன்னைத்தானே திட்டிக்கிறாரு. அடுத்தவங்க வீட்ல எத்தனை நாளைக்குய்யா ஒட்டிக்கிட்டு இருப்பே, சோத்துல கை வைக்கக் கூசலையான்னு. கண்ணுல தண்ணி வேற. அளவுன்னா அளவாம், அரை மில்லி தப்பினாலும் தப்பாம். யாரோ நல்ல மனுஷங்க எடுத்துச் சொல்லியிருக்காங்க. நான் ஒரு நாள்கூட வாயைத் திறந்து கேட்டதில்ல."

மனைவியின் தலை மெதுவாக லென்ஸ்காரர் பக்கம் திரும்பியது. அவர் அதைப் பார்க்கவில்லை. கணக்கில் எங்கேயோ பிசகியிருக்கிறது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

"தன்னை எதுக்குங்க திட்டிக்கணும்?" என்றார். "சொந்த வீட்டை விட்டு ஓனர் ஏன் போகணும்?"

அவள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஓனர் நான்தாங்க. அவரு, நான் இந்த வீட்டை வாங்கின வருஷம், ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்னு ஒத்தைப் பெட்டியோட வந்தவரு."